யூகேஜி பையனுக்கு ஏ.ஆர். விளையாட்டு: மனசுக்குள் திருப்பிப் பார்க்கும் திறமை அதில் வளருமா?

திருப்பூர்_கத்தரி கேட்கிறார்:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதியிருக்கிறேன், பொறுமையாகப் படித்துப் பதில் சொல்லுங்கள்.

நான் திருப்பூரில் பேட்டர்ன் வெட்டும் வேலையில் 11 வருஷமாக இருக்கிறேன். டி-ஷர்ட்டின் கையைத் தட்டையாக விரித்தால் கோயில் மணி மாதிரி இருக்கும். முன்பக்க வளைவில் குழிவு கூட, பின்பக்கத்தில் குறைவு. துணியை ஒரே முகமாக விரித்திருந்தால், ஒரு கையை வெட்டியதும் பேட்டர்னைக் கவிழ்த்துப் போட்டுத்தான் அடுத்த கையை வெட்ட வேண்டும். மறந்தால் இரண்டும் இடது கையாகிவிடும். புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளில் சிலருக்கு இதை ஒருமுறை சொன்னாலே போதும். சிலர் ஆறு மாதமானாலும் பேட்டர்னைத் தோளில் வைத்துப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள். கெட்டிக்காரத்தனம் இரண்டு பேருக்கும் ஒன்றுதான். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஏன் இவ்வளவு வித்தியாசம் என்று எனக்கு ரொம்ப நாளாக யோசனை.

இப்போது என் பையன் விஷயம். ஐந்தரை வயது, யூகேஜி. பேச்சு, பாட்டு, கதை எல்லாம் நன்றாக வருகிறது. ஆனால் 12 துண்டு ஜிக்சாவைக் கொடுத்தால் எந்தத் துண்டையும் திருப்பிப் பார்ப்பதில்லை. கையில் எடுத்த மேனிக்கே வைத்து அழுத்துகிறான், பொருந்தாவிட்டால் தூக்கிப் போட்டுவிடுகிறான். செருப்பை மாற்றிப் போடுகிறான். 'ட' எழுதினால் கண்ணாடியில் பார்ப்பதுபோல வருகிறது.

அவன் பள்ளியில் போன வாரம் ஒரு சர்க்குலர் கொடுத்தார்கள். அடுத்த வருஷம் முதல் வகுப்பிலிருந்து ஆக்மென்டட் ரியாலிட்டி, அதாவது ஏ.ஆர். பாடமாம். 3,800 ரூபாய்க்கு ஒரு கிட் வாங்க வேண்டும். 20 அட்டைகள், ஒரு ஆப். அட்டைமேல் போன் கேமராவைக் காட்டினால் யானையோ கோட்டையோ அதன்மேல் எழுந்து நிற்கும். 'குழந்தையின் முப்பரிமாணச் சிந்தனை வளரும்' என்று அச்சடித்திருக்கிறார்கள். கேட்டதற்கு, எல்லா வெளிநாட்டிலும் இப்படித்தான் என்று சொன்னார்களே தவிர, எப்படி வளரும் என்று யாரும் சொல்லவில்லை.

வாங்குவதற்கு முன்னால் என் போனிலேயே ஒரு இலவச ஆப் போட்டுப் பார்த்தேன். ஹாலில் ஒரு யானை வந்து நின்றது. பையன் முதலில் அதைச் சுற்றிச் சுற்றி ஓடினான், வால் இருக்கிறதா என்று பின்னால் போய்ப் பார்த்தான். எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஆனால் மூன்றாம் நாள் சோபாவில் சாய்ந்துகொண்டு விரலால் யானையைச் சுழற்ற ஆரம்பித்துவிட்டான். உடம்பு அசையவே இல்லை. அப்போதுதான் சந்தேகம் வந்தது. இதற்கும் கார்ட்டூனுக்கும் என்ன வித்தியாசம்?

இப்படி மனசுக்குள் திருப்பிப் பார்க்கும் திறமை பிறவியிலேயே வருவதா, பழக்கினால் வளருமா? வளரும் என்றால் ஏ.ஆர். அதற்கு உதவுமா? உதவும் என்றால் எப்படி விளையாடச் சொல்ல வேண்டும்? பணம் கட்ட இன்னும் மூன்று வாரம் இருக்கிறது.

வரைபலகை_சேலம்:

வணக்கம் சகோதரி. நான் பாலிடெக்னிக்கில் இயந்திர வரைபடம் நடத்துகிறவன், 26 வருஷமாகிறது. உங்கள் கட்டிங் மேசையில் நீங்கள் பார்ப்பதைத்தான் நான் ஒவ்வொரு ஜூலையிலும் வகுப்பில் பார்க்கிறேன். ஒரு இரும்புத் துண்டின் படத்தைக் கொடுத்து, முன்னாலிருந்து, மேலிருந்து, பக்கத்திலிருந்து பார்த்தால் எப்படித் தெரியும் என்று வரையச் சொல்வேன். கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கிய பையன் பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு விழிப்பான். எட்டாம் வகுப்போடு நின்று இரண்டு வருஷம் லேத் பட்டறையில் இருந்துவிட்டு மறுபடி படித்து வந்தவன் சட்டென்று வரைந்துவிடுவான். அவன் ஆயிரம் துண்டுகளைக் கையால் திருப்பிப் பார்த்தவன்.

உங்கள் முதல் கேள்விக்கு உறுதியாகவே பதில் சொல்லலாம். பழக்கினால் வளரும். 1971இல் ஷெப்பர்ட், மெட்ஸ்லர் என்ற இரண்டு பேர், சிறு கனசதுரங்களை ஒட்டிச் செய்தது போன்ற உருவங்களை இரண்டு இரண்டாகக் காட்டி, இரண்டும் ஒன்றா வேறா என்று கேட்டார்கள். ஒன்று மற்றதிலிருந்து எவ்வளவு கோணம் திரும்பியிருந்ததோ, அந்த அளவுக்குப் பதில் வர நேரமானது. அதாவது நாம் மனசுக்குள் உண்மையிலேயே அந்தப் பொருளைத் திருப்புகிறோம், திருப்ப நேரமெடுக்கிறது. அப்புறம் 2013இல் டேவிட் உட்டல் என்ற ஆய்வாளரின் குழுவினர் 217 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, பயிற்சி கொடுத்தால் எந்த வயதிலும் இந்தத் திறமை கூடுகிறது, கூடியது நிற்கவும் செய்கிறது என்று காட்டினார்கள். அமெரிக்காவில் மிச்சிகன் டெக் பல்கலைக்கழகத்தில் ஷெரில் சோர்பி என்ற பேராசிரியர் 1993இலிருந்து இதற்கென்றே ஒரு பாடம் நடத்தினார். பொறியியல் படிக்க வந்த காலத்தில் வரைபட வகுப்பில் அவரே தடுமாறியவர். பொறியியலுக்குள் நுழையும்போதே மனசுக்குள் திருப்பிப் பார்க்கும் திறமைக்கான தேர்வில் குறைந்த மதிப்பெண் வாங்கியவர்களை உட்கார வைத்துப் பழக்கினார், அவர்கள் படிப்பைத் தொடர்ந்தார்கள். 18 வயதில் வளருவது ஐந்தரை வயதில் வளராதா?

ஏ.ஆர். பற்றி என் அனுபவத்தைச் சொல்கிறேன். கூம்பைச் சாய்வாக வெட்டினால் என்ன வடிவம் வரும் என்பது எங்கள் பாடத்தில் எல்லோரையும் கஷ்டப்படுத்தும் இடம். சில வருஷங்களுக்கு முன்னால் ஜியோஜீப்ரா என்ற கணித மென்பொருளின் முப்பரிமாண ஆப்பில் ஏ.ஆர். வந்ததும், கூம்பை வகுப்பு மேசைமேல் நிறுத்திக் காட்டினேன். எல்லோரும் 'ஆகா' என்றார்கள். மறுநாள் தாளைக் கொடுத்தேன், பழையபடியே விழித்தார்கள். எனக்கு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. யோசித்துப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. திருப்புகிற வேலையைப் போன் செய்துவிட்டது, பையன் வெறுமனே பார்த்தான். அடுத்த வருஷம் வரிசையை மாற்றினேன். முதலில் வெட்டு முகம் எப்படி இருக்கும் என்று தாளில் வரைய வேண்டும். தப்பாக இருந்தாலும் பரவாயில்லை, ஆனால் வரையாமல் போனைத் தொடக்கூடாது. வரைந்த பிறகு போனைத் திறந்து, மேசையைச் சுற்றி நடந்து, தன் படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அந்த வருஷம் நான் கண்ட மாற்றம் இன்றைக்கும் என்னை இந்த முறையை விடாமல் வைத்திருக்கிறது.

உங்கள் பையனுக்கும் இதுதான். முதலில் ஊகம், பிறகு போன். யானை உன்னைப் பார்த்து நிற்கிறது, நான் பீரோ பக்கத்தில் நிற்கிறேன், எனக்கு அதன் தும்பிக்கை தெரியுமா, வால் தெரியுமா? வாயால் சொல்லட்டும். சொன்ன பிறகு அவனே போனோடு பீரோ பக்கம் நடந்து வந்து பார்க்கட்டும். ஒரு மாலைக்கு நான்கைந்து ஊகம் போதும்.

இதில் இரண்டு வேறு வேறு திறமை இருக்கிறது, குழப்பிக்கொள்ளக் கூடாது. பொருள் திரும்பினால் எப்படித் தெரியும் என்பது ஒன்று. நான் இடம் மாறினால் எப்படித் தெரியும் என்பது இன்னொன்று. பியாஜே என்ற உளவியலாளர் மூன்று மலைகளின் மாதிரியை மேசையில் வைத்து, எதிரே உட்கார்ந்திருக்கும் பொம்மைக்கு என்ன தெரியும் என்று குழந்தைகளைக் கேட்டார். நான்கைந்து வயதுக் குழந்தைகள் தங்களுக்குத் தெரிவதையே பொம்மைக்கும் தெரிவதாகக் காட்டினார்கள். உங்கள் பையன் இருப்பது அந்த வயதில்தான். ஏ.ஆரின் உண்மையான பலம் இந்த இரண்டாவதில். ஹாலில் ஒரு வீட்டையே நிறுத்தி, குழந்தை தன் காலால் அதைச் சுற்றிவரச் செய்ய அட்டைப் பெட்டிக்கும் முடியாது, கார்ட்டூனுக்கும் முடியாது. சோபாவில் சாய்ந்து விரலால் சுழற்றினால் அந்தப் பலம் போய்விடுகிறது. மூன்றாம் நாள் நீங்கள் கவனித்தது ரொம்பச் சரி.

முதல் திறமைக்கு, அதாவது பொருளைத் திருப்ப, மரக்கட்டைதான் மேல். தச்சுப்பட்டறையில் கேட்டால் கழிவுத் துண்டு கொடுப்பார்கள், உப்புக்காகிதம் போட்டுத் தேய்த்துக்கொள்ளுங்கள். அட்டை வகை ஏ.ஆரில் ஒரு நல்லது உண்டு. அட்டையைக் கையால் திருப்பினால் மேலே நிற்கும் உருவமும் கூடவே திரும்பும், விரலால் தேய்ப்பதைவிட அது எவ்வளவோ தேவலாம். ஆனால் அதற்கு 3,800 ரூபாய் தேவையில்லை என்பது என் கருத்து.

கேமரா_கண்:

சென்னையில் ஏ.ஆர். ஆப் எழுதும் வேலையில் இருக்கிறேன். சோபா, பீரோவை வாங்குவதற்கு முன்னால் வீட்டில் வைத்துப் பார்க்கும் ஆப்கள். வரைபலகை சார் சொன்னது முழுக்கச் சரி. வீட்டில் செய்யும்போது வருகிற சிக்கல்களை மட்டும் நான் சேர்க்கிறேன்.

அக்கா, உங்கள் ஹாலில் வெள்ளை டைல்ஸா? அப்படியென்றால் யானை வழுக்கிக்கொண்டே இருக்கும். போன் தரையை எப்படிக் கண்டுபிடிக்கிறது என்றால், கேமராவில் தெரியும் சின்னச் சின்னப் புள்ளிகளையும் மூலைகளையும் பிடித்து வைத்துக்கொண்டு, நீங்கள் நடக்கும்போது அவை எப்படி நகர்கின்றன என்று பார்க்கிறது. போனுக்குள் இருக்கும் அசைவு உணரியோடு அதைச் சேர்த்துக் கணக்குப் போடுகிறது. பளபளக்கும் வெற்றுத் தரையில் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை, அதோடு லைட்டின் பிம்பமும் கூடவே நகர்ந்து ஏமாற்றும். பூப்போட்ட கோரைப் பாயை விரித்துவிடுங்கள், பகல் வெளிச்சத்தில் செய்யுங்கள், நன்றாகப் பிடித்துக்கொள்ளும். உருவம் ஒரு இடத்தில் நிலையாக நிற்காவிட்டால் குழந்தைக்குக் கிடைப்பது தப்பான பாடம். நான் நகர்ந்தால் வீடும் நகரும் என்று பழகிவிடுவான்.

இன்னொன்று. போன் திரை தட்டைதான். இரண்டு கண்ணால் பார்க்கும்போது கிடைக்கும் ஆழம் அதில் கிடையாது. நடக்கும்போது கிட்டே இருப்பது வேகமாகவும் தூரத்தில் இருப்பது மெதுவாகவும் நகர்வதை வைத்துத்தான் ஆழமே புரியும். ஆகவே நடக்காமல் விளையாடினால் அது வெறும் படம்தான். அப்புறம் பல போன்களில் குழந்தை கையை யானைக்கு முன்னால் நீட்டினாலும் யானை கைக்கு மேலேயே தெரியும், எது முன்னால் எது பின்னால் என்பது போனுக்குத் தெரியாது. 'கையை ஏன் யானை மறைக்குது' என்று கேட்டான் என்றால் நல்ல கேள்வி, உண்மையைச் சொல்லிவிடுங்கள்.

மூன்று வயதுக்குக் கீழ் யாரும் இதைத் தொடங்க வேண்டாம். ஜூடி டிலோஷ் என்ற ஆய்வாளர் 1987இல், ஒரு அறையையும் அதன் சின்ன மாதிரியையும் வைத்து ஒரு சோதனை செய்தார். மாதிரி அறையில் பொம்மை எங்கே ஒளிக்கப்படுகிறது என்று குழந்தையிடம் காட்டிவிட்டு, பெரிய அறையில் அதே இடத்தில் இருக்கிற பொம்மையைத் தேடச் சொன்னார். மூன்று வயதுக் குழந்தைகள் நேராகப் போய் எடுத்தார்கள். இரண்டரை வயதுக் குழந்தைகளால் முடியவில்லை. சின்ன மாதிரி அந்தப் பெரிய அறையைக் குறிக்கிறது என்பது அந்த வயதில் பிடிபடுவதில்லை. உங்கள் பையனுக்கு அந்தக் கவலை இல்லை.

இடத்தைக் காலி செய்துவிட்டு விளையாடுங்கள். திரையைப் பார்த்துக்கொண்டே பின்னால் நடப்பான், படிக்கட்டுக் கதவைச் சாத்திவிடுங்கள். ஆப் கேமரா அனுமதி மட்டும் கேட்டால் சரி, தொடர்புகள், இருப்பிடம் எல்லாம் கேட்டால் அழித்துவிடுங்கள்.

அங்கன்வாடி_டீச்சர்:

தென்காசிப் பக்கம் அங்கன்வாடியில் இருக்கிறேன். எங்களிடம் ஏ.ஆர். எல்லாம் கிடையாது, ஆனால் இதே வேலையைத்தான் தினமும் செய்கிறோம், அதனால் எழுதுகிறேன்.

தங்கச்சி, 'ட' திரும்புவதற்குப் பயப்படாதே. ஆறு, ஏழு வயது வரை நிறையப் பிள்ளைகள் அப்படி எழுதுகிறார்கள், தானாகச் சரியாகும். எட்டு வயதுக்கு மேலும் நீடித்தால் அப்போது டாக்டரிடம் கேட்டுக்கொள்ளலாம்.

நான் சொல்ல வந்தது வாய்ப்பேச்சு பற்றி. பிள்ளை எதையாவது கேட்டால் நாம் 'அந்தா இருக்கு பாரு' என்று விரலை நீட்டிவிடுகிறோம். அதை நிறுத்திவிட்டு, 'அலமாரியில் நடுத் தட்டில், டப்பாவுக்குப் பின்னால்' என்று சொல்லிப் பார். முதல் வாரம் நமக்கே கஷ்டமாக இருக்கும். எங்கள் மையத்தில் பருப்பு டப்பாவைக்கூட நான் விரலால் காட்டுவதில்லை. மேலே, அடியில், ஓரத்தில், நடுவில், குறுக்கே, சாய்வாக, விளிம்பில், கவிழ்த்து, மல்லாக்க. இத்தனை சொல்லையும் காதில் கேட்ட பிள்ளை ஜிக்சாத் துண்டைக் கையில் எடுத்ததும் 'இதைக் கவிழ்க்கணும்' என்று தானே சொல்லும். சொல் இருந்தால்தான் அந்த எண்ணம் கையில் நிற்கும்.

போனில் விளையாடும்போதும் வாயை மூடிக்கொண்டு விளையாட விடாதே. இன்னொரு விஷயம். எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு இடது வலதைவிட வடக்கு தெற்குதான் முதலில் வரும். 'கொஞ்சம் தெக்கால தள்ளி உக்காரு' என்றால் நாலு வயசுப் பிள்ளை சரியாகத் தள்ளி உட்காரும். ஆனால் நான் பார்த்த ஆப் எல்லாமே இடது, வலது என்றுதான் கேட்கிறது.

வரைபலகை_சேலம்:

டீச்சர், இதை எழுதியதற்கு நன்றி. எரிக் பெடர்சன் என்ற மொழியியல் ஆய்வாளர் 1990களில் தமிழ் பேசுகிறவர்களிடம் இதைத்தான் ஆராய்ந்தார். பொருள்களை ஒரு மேசையில் வரிசையாகக் காட்டிவிட்டு, ஆளை எதிர்ப்பக்கம் திருப்பி நிறுத்தி, இன்னொரு மேசையில் அதேபோல அடுக்கச் சொல்லும் சோதனை. பேச்சில் வடக்கு தெற்கு என்று சொல்லும் கிராமத்தவர்கள் திசை மாறாமல் அடுக்கும் பக்கமும், இடது வலது என்று சொல்லும் நகரத்தவர்கள் தங்கள் உடம்பை வைத்து அடுக்கும் பக்கமும் சாய்ந்தார்கள். ஆகவே இரண்டையும் பிள்ளைக்குக் கொடுக்கலாம். சகோதரி, பாயின் ஓரத்தில் 'வடக்கு' என்று சுண்ணாம்புக்கட்டியால் எழுதிவிடுங்கள்.

திருப்பூர்_கத்தரி:

ஐயா, டீச்சரக்கா, தம்பி, எல்லோருக்கும் நன்றி. 16 நாள் கழித்து வருகிறேன். நடந்ததைச் சொல்லத்தான் காத்திருந்தேன்.

வெள்ளை டைல்ஸ்தான் தம்பி. அம்மா வீட்டிலிருந்து பூப்போட்ட பாய் வாங்கி வந்து விரித்தேன், யானை அசையாமல் நின்றது. இரண்டு நாள் கழித்து யானையை விட்டுவிட்டு ஒரு வீடு வைக்கும் ஆப்புக்கு மாறினோம். வடக்குப் பக்கம் கதவு, கிழக்குப் பக்கம் ஜன்னல், பின்னால் ஒரு படிக்கட்டு. நான் பாயின் ஒரு மூலையில் உட்காருவேன். 'அம்மாவுக்கு என்ன தெரியுது?' என்று கேட்பேன். முதல் வாரம் முழுக்க அவனுக்குத் தெரிவதையேதான் சொன்னான். கதவு, கதவு, கதவு. நடந்து வந்து பார்த்து, 'இங்கே கதவு இல்லையே' என்று என்னைச் சந்தேகமாகப் பார்ப்பான். ஐயா அந்த மூன்று மலைக் கதையைச் சொல்லாமல் இருந்திருந்தால் நான் திட்டியிருப்பேன். ஒன்பதாம் நாள் போனை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா இருந்தான், அப்புறம் சொன்னான்: 'உனக்குக் கதவு தெரியாதும்மா. ஜன்னல், படியில பாதி.' எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஓடி வந்து பார்த்தான். படி பாதிதான் தெரிந்தது.

போன் ஒரு நாளைக்குக் கால்மணி நேரம்தான். மீதிக்குத் தச்சுப்பட்டறைக் கட்டை. அதோடு என் தொழிலிலிருந்து ஒன்று சேர்த்துக்கொண்டேன். மார்க்கர் தாளை, அதாவது வெட்ட வேண்டிய கோடுகளை வரைந்து துணிமேல் விரிக்கும் தாளை, ஒரு மடிப்பு மடித்து, நடுவில் ஒரு ஓட்டை வெட்டி, 'விரித்தால் எத்தனை ஓட்டை, எங்கே எங்கே?' என்று கேட்பது. அவன் வெறுந்தாளில் பென்சிலால் வட்டம் போட்டுக் காட்ட வேண்டும், பிறகுதான் விரிப்போம். ஊகம் முதலில் என்பதை இங்கேயும் விடவில்லை.

ஜிக்சாத் துண்டை இப்போது திருப்பிப் பார்க்கிறான். எல்லாத் துண்டையும் இல்லை, ஓரத் துண்டுகளை மட்டும். செருப்பு இன்னும் மாறித்தான் போகிறது.

பள்ளியில் போய்க் கேட்டேன். கிட் கட்டாயம் இல்லை, விருப்பம்தான் என்று இப்போது சொல்கிறார்கள். வாங்கவில்லை. வகுப்பில் அதை எப்படிப் பயன்படுத்தப் போகிறார்கள் என்று மிஸ்ஸிடம் கேட்டு, ஐயா எழுதியதைப் படித்துக் காட்டினேன். ஊகம் சொன்ன பிறகுதான் போனைத் திறப்பது என்பது அவருக்குப் பிடித்திருந்தது, நோட்டில் எழுதிக்கொண்டார்.

நேற்று இரண்டு மடிப்புக்கு நாலு ஓட்டை என்று வெட்டுவதற்கு முன்பே சொல்லிவிட்டான். மூன்றாவது மடிப்பும் தானே மடித்தான், தாள் தடித்துப்போய்க் கத்தரி ஏறவில்லை. கம்பெனியிலிருந்து இன்னும் மெல்லிசான தாள் எடுத்து வரச் சொல்லியிருக்கிறான். நாளைக்குச் சனிக்கிழமை, அரை நாள் வேலைதான், கேட்டு வாங்கி வர வேண்டும்.